வெள்ளை முகத்து அரசி

மாமி குழைக்கும் வெள்ளைப் பசையில் பழைய எண்ணெய் மணம் அடிக்கும். முகத்தில் அப்பியதும் தோல் இழுத்துக்கொள்ளும். தொண்ணூறுகளின் நடுவில், கனடாவின் மொன்றியலில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் கலைவிழாக்களுக்கெல்லாம் என் தாய்மாமனின் மனைவியான அவர்தான் ஒப்பனைக்காரர்.

நான் "கறுவல்", கறுத்த பிள்ளை, என்பதால் ஆண்டுதோறும் அரக்கி வேடம்தான். அந்த ஆண்டு மட்டும், மற்றப் பிள்ளைகளின் நாவில் பிரெஞ்சே நின்றதால், நீண்ட வசனம் பேச ஆளில்லாமல் அரசி வேடம் எனக்கு வந்தது. பஸ்ஸிலும் குளியலறையிலும் அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லித் திரிந்தேன்.

நாங்கள் குடியிருந்த கார்ட்டியர்வில்லில், எங்கள் கீழ்வீட்டுச் சீனத் தோழி லின், தன் அப்பா கொண்டுவரும் சீனக் கார்ட்டூன் கசெட்டுகளை என்னோடுதான் பார்ப்பாள். சீனர்களின் பழைய நாடக மேடை வழக்கத்தை அந்தச் சித்திரங்களும் விடவில்லை: சிவப்பு முகம் விசுவாசி, கறுப்பு முகம் எவருக்கும் வளையாத நேர்மைக்காரன், சுண்ணாம்பு வெள்ளை முகம் கூட இருந்தே குழிபறிப்பவன். கறுப்பு முகத்தான் வரும்போதெல்லாம் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

விழாவுக்கு லின்னையும் அழைத்திருந்தேன். கழுத்தும் கையும் என் நிறத்தில் இருக்க, முகம் மட்டும் வெளுத்து நின்ற என்னைப் பார்த்து, "அரசனைக் காட்டிக்கொடுப்பது நீதானா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். கேலியில்லை, உண்மையாகவே கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழிப்பறைக்குப் போய் முகத்தைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

"எவ்வளவு மினக்கெட்டுப் பூசினனான். உந்த முகத்தோட ஆர் உன்னை அரசி எண்டு சொல்லுவினம்?" என்றார் மாமி.

"திரும்பப் பூசு பிள்ளை, சனம் சிரிக்கும்," என்றாள் அம்மா. மாட்டேன் என்றேன்.

கிரீடம் என்னைவிட வெளுத்த இன்னொரு பிள்ளையின் தலைக்குப் போனது. அவளுக்கு ஒரு வரிகூடத் தெரியாது. "உனக்குத்தானே பாடம், பின்னால நிண்டு சொல்லிக்குடு," என்றார் மாமி, வெட்கமே இல்லாமல். திரைக்குப் பின்னால் நின்று நான் சொல்லச் சொல்ல, அவள் வாயசைத்தாள். மண்டபம் கைதட்டியது. "என்ன வடிவான அரசி" என்று முன்வரிசையில் யாரோ சொன்னது எனக்கும் கேட்டது. சீ என்றிருந்தது.

அந்தக் கசெட்டுகள் இன்று எங்குமில்லை. லின் குடும்பம் தொலைவிலுள்ள கர்க்லாண்டுக்குக் குடிபெயர்ந்து தொடர்பும் விட்டுப்போயிற்று, மாமியும் காலமாகிவிட்டார். போன கோடையில் என் மகளின் "சாமத்திய வீட்டு", பூப்புனித நீராட்டு விழா, படங்களில் அவள் முகத்தை, யாரும் கேட்காமலே, கணினியில் வெளுப்பாக்கிக் கொண்டுவந்தார் படக்காரர். சொந்தக்காரர் ஆல்பத்தைக் கைமாற்றிக் கைமாற்றி மெச்சினார்கள். எனக்கு அருவருத்தது.

"பாரன் பிள்ளை, என்ன வடிவு," என்று என் கணவர் அதை மகளிடம் நீட்டினார்.

அவள் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது ஆர், அப்பா?"