ககேதிக்கு ஒரு பகல்

வளைகுடாவில் தேரா என்ற இடத்தில் நான் வேலை பார்க்கும் டிராவல் ஆபீசில் பெருநாள் விடுமுறைக்கு எல்லோரும் கேட்பது ஜார்ஜியாதான். திபிலிசி நகரில் தங்கி, ஒரு நாள் மட்டும் ககேதிக்குப் போய்வருவார்கள். ஒயினுக்குப் பேர்போன பகுதி அது. நான் குடிப்பதில்லை, அங்கே போனதும் இல்லை. ஆனால் வண்டி எங்கெங்கே எத்தனை மணிக்கு நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நம் ஊர்க் குடும்பங்களுக்கு அனுப்பும் திட்டத்தில் ஒயின் என்று எழுதமாட்டேன். பதினொரு மணிக்கு ஆண்கள் திராட்சைத் தோட்டத்துக்கு, பெண்கள் ரொட்டி சுடுவதைப் பார்க்க என்றுதான் எழுதுவேன்.

போன பெருநாளுக்கு முன் ஒரு மதுரைக்காரர் போன் செய்தார்.

"பாய், தோட்டத்துல ருசி பாக்கக் குடுப்பாங்கல்ல? என் வீட்டுல கேட்டா சொல்லிராதீங்க."

மறுநாள் அவர் மனைவி பேசினார்.

"அண்ணே, ரொட்டி சுடுற எடத்துலயும் ஒயின் உண்டாமே? எனக்கும் சொல்லிவைங்க. அவருக்குத் தெரிய வேணாம்."

ஒரே வீட்டில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேச வேண்டியதை என்னிடம் ஏன் சொல்கிறார்கள் என்று எரிச்சலாக வந்தது. இருந்தாலும் இரண்டு இடத்துக்கும் சொல்லிவைத்தேன்.

திரும்பி வந்த அன்றே அவர் கூப்பிட்டார்.

"பிரமாதம் பாய். அவதான் பாவம், ரெண்டு மணி நேரம் ரொட்டியவே பாத்துக்கிட்டு நின்னிருக்கா."

பக்கத்திலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"ரொட்டி ரொம்ப நல்லாருந்துச்சுன்னு அண்ணங்கிட்ட சொல்லுங்க."