புகார் சாரின் காது

குடிநீர் அலுவலகத்தில் புகார் பிரிவு என்று ஒரு ஜன்னல் உண்டு. அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே ஒரு மனிதர் தன் உத்தியோக காலம் முழுவதையும் ஓட்டினார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் அவர் புகார் சார்தான், அடுத்த மேசையில் இருந்த எனக்கும்.

கேட்பது அவர் தொழில். தண்ணி வரல, தண்ணி வருது ஆனா சாக்கடையா வருது, பக்கத்து வீட்டுக்கு மட்டும் எப்படி வருது? காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே பாட்டுதான். தலையைச் சற்றுச் சாய்த்து, புருவத்தை நெரித்து, உங்கள் வீட்டுக் குழாயைத் தவிர உலகத்தில் தனக்கு வேறு கவலையே இல்லை என்பதுபோல் கேட்பார். வந்தவர்கள் மனம் குளிர்ந்து திரும்புவார்கள். தண்ணீர் வந்ததா என்பது வேறு கதை.

ஓய்வு பெற்ற சூட்டோடு சூடாக, அவர் தெருக் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவரைத் தேடி வீட்டுக்கு வந்தார். சங்கத்துக்குச் செயலாளர் வேண்டுமாம், பொதுமக்களின் குறைகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிய கை நீங்கள்தானாம். புகார் சார் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. தலைவர் இரண்டாம் முறை சொன்னார். மூன்றாம் முறை சற்று உரக்கச் சொன்னார். பிறகு அவர் மனைவியிடம் திரும்பி, "என்னம்மா, சாருக்குக் காது மந்தமாயிடுச்சா?" என்று கேட்டார்.

அந்த அம்மாவுக்குத் தலைவரைக் கண்டாலே ஆகாது. "ஆமாங்க, ரொம்ப நாளாச்சு" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

அன்றைக்குப் பிடித்தது வினை. செயலாளர் பதவி வேறொரு அப்பாவியின் தலையில் விழுந்தது. புகார் சாருக்கு அந்த நிம்மதியின் ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரே மாதத்தில் தெருவுக்கும் சொந்தக்காரர்களுக்கும், பெற்ற மகனுக்கும்கூட அவர் செவிடர். மகன் வருத்தப்பட்டான். பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் அப்பாவுக்குப் பதில் சொல்லவேண்டிய தொல்லை இனி இல்லை என்று புரிந்ததும் தேறிக்கொண்டான்.

உண்மை தெரிந்தது மனைவிக்கு மட்டும். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, உதடு அசைவதே தெரியாத குரலில் பேசிக்கொள்வார்கள்.

"நான் குளிக்கப் போனப்ப என்ன பேசினாங்க?"

"நீ சோப்பு நிறைய செலவு பண்றியாம்."

"யாரு, அவளா?"

"இல்ல, நீ பெத்தவன்."

இப்படி ஒரு குட்டி உளவுத் துறையே அந்த வீட்டில் நடந்தது. கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை என்று பின்னாளில் அவரே என்னிடம் சொன்னார். ஆனால் இதில் ஒரு சிக்கல். செவிடன் எதிரில் யாரும் அவனைப் புகழ்வதில்லை. கஞ்சன், கல்லுளிமங்கன், ஆபீஸில் பேனா பிடித்ததைவிடக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் அதிகம், எல்லாம் கேட்டார். அந்தக் கடைசி வசனம் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய், தொண்டை வறள அவர் காதருகே கத்துவேன். டீ கொண்டுவரும் அந்த அம்மாவிடம் சாதாரணக் குரலில், "ஆபீஸ்லயும் இவருக்கு எதுவும் காதுல ஏறாது, இப்ப முறைப்படி ஆயிடுச்சு" என்பேன். அந்த அம்மா சிரிப்பார். ஏன் அப்படிச் சிரித்தார் என்று இப்போதுதான் தெரிகிறது. இவர் டீயை ஊதி ஊதிக் குடிப்பார்.

பிறகு அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரிப் படுக்கையைச் சுற்றி மகன், மருமகள், ஒரு நர்ஸ். புகார் சார் கால்மாட்டில் ஸ்டூலில். அந்த அம்மா கண்ணைத் திறந்து, அந்தச் சாப்பாட்டு மேசைக் குரலில் சொன்னார்:

"ஏங்க, பயமா இருக்கு."

அவருக்குத் தெளிவாகக் கேட்டது. எழுந்து போய்க் கையைப் பிடித்திருக்கலாம். ஆனால் மகன் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகக் காதுக்குப் பின்னால் குவிந்தது. "என்ன? சத்தமாச் சொல்லு!"

மருமகள் குனிந்து அவர் காதில் அலறினாள்: "அத்தைக்குப் பயமா இருக்காம், மாமா!"

வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, விடுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் போய்விட்டார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து அவரைச் சுட்டிக்காட்டியே பேசினார்கள். இனி இந்த மனுஷனை யார் வைத்துப் பார்ப்பது, காது வேறு கேட்காது, பாவம் அந்த மருமகள். அவர் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாடகத்தை அப்போதே நிறுத்தியிருக்கலாம். எப்படி நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை. திடீரென்று கேட்கிறது என்றால் அதிசயம் என்று தெருவே திரளும். எப்போதுமே கேட்டது என்றால் அதே தெரு காறித் துப்பும். ஆகவே செவிடராகவே இருந்துவிட்டார், இந்தத் தடவை கூட்டாளி இல்லாமல்.

சில வருஷங்கள் போயின. வலது காது நிஜமாகவே மங்கத் தொடங்கி, மெல்ல அடங்கியே போயிருந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நடிப்பு சுலபமாயிற்று என்று விட்டுவிட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை குளியலறைக் குழாயைத் திறந்தார். வாளியில் தண்ணீர் விழுந்தது, சத்தம் விழவில்லை. வாளியைத் தட்டினார். சுவரைத் தட்டினார். தன் தலையிலேயே தட்டிக்கொண்டார். ஒன்றுமில்லை. இருந்த ஒரு நல்ல காதும் ஒரே இரவில் கடையைக் கட்டிவிட்டது.

பதறிப்போய்க் கூடத்துக்கு ஓடிவந்தார். "எனக்குக் காது கேக்கல!"

மகன் செல்போனிலிருந்து நிமிர்ந்தான். பரிதாபமாகப் பார்த்து அவர் தோளில் தட்டிக்கொடுத்தான். அவன் உதடு அசைந்ததை இவர் வாசித்துவிட்டார். தெரியும்ப்பா.

ஒரு மனிதன் தன் காதை இழந்து நிற்கிறான், வீட்டில் ஒருவருக்கும் அது செய்தியே இல்லை. புதன், வியாழன் என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். வயசானால் இப்படித்தான் சொன்னதையே சொல்வார்கள் என்று அவர்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். கடைசியில், தொல்லை தாங்காமல், மறுவாரம் காது டாக்டரிடம் கூட்டிப்போனார்கள்.

டாக்டர் இளம்பெண். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தன் செல்போனில் பெரிய எழுத்தில் தட்டி அவரிடம் காட்டினார்: ‘சமீபத்தில் போனதென்றால் உடனே மருந்து கொடுத்துப் பார்க்கலாம். பழையதென்றால் பயனில்லை. எப்போதிலிருந்து?’

புகார் சார் வாயைத் திறப்பதற்குள் மகன் முந்திக்கொண்டு ஏதோ சொன்னான். டாக்டர் தலையைச் சாய்த்து, புருவத்தை நெரித்து, மிகுந்த அனுதாபத்துடன் பேனாவை மூடினார். அந்த முகபாவம் இவருக்கு அத்துப்படி. ஜன்னலுக்குப் பின்னாலிருந்து எத்தனை பேரை இதே முகத்தோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்!

"போன செவ்வாய்க்கிழமைலேர்ந்து!" என்று கத்தினார். தன் குரலின் அளவு தனக்கே தெரியாததால் வெளியே வராந்தா வரை கேட்டது.

"அப்பா குழம்பிப் போயிட்டாரு டாக்டர்" என்றான் மகன். அதையும் உதட்டசைவிலேயே பிடித்துவிட்டார் இவர்.

"ஒரு குழப்பமும் இல்ல! திங்கக்கிழமை வரைக்கும் எல்லாம் கேட்டுச்சு!"

டாக்டருக்குச் சுவாரசியம் வந்துவிட்டது. மறுபடி தட்டினார்: ‘திங்கட்கிழமை என்ன கேட்டீர்கள்?’

புகார் சார் ஒரு கணம் மகனைப் பார்த்தார். மானமா காதா என்று வந்தபோது காதைத் தேர்ந்தெடுத்தார்.

"இவன் பொண்டாட்டி அவ அக்காகிட்ட போன்ல பேசினா. ‘பெரிசு போனதும் அந்த ரூமைத் துணி காயப்போட வெச்சுக்கலாம்’னா. இவன் பக்கத்துல உக்காந்துகிட்டு, ‘அப்ப ஜன்னலைக் கொஞ்சம் பெரிசு பண்ணணும்’னான்!"

வராந்தாவில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மருமகள். பக்கத்தில் இருந்த நோயாளிகள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்களாம். அன்று நடந்ததை மாமனார், மருமகள் இரண்டு பேர் வாயிலும் கேட்டிருக்கிறேன். ஒரு எழுத்து மாறாமல் ஒத்துப்போகிறது. அந்த வீட்டில் இருவரும் ஒத்துப்போன விஷயம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

மருந்து வேலை செய்தது, பாதிக்கு. இடது காதில் பேச்சு கேட்டது, பாத்திரம் உருள்வது கேட்டது. வலதுக்கு எதுவும் செய்வதற்கில்லை என்றார் டாக்டர்.

ஆனால் கேட்பதற்குத்தான் வீட்டில் ஒன்றுமில்லை. மகனும் மருமகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்து செல்போனில் செய்தி அனுப்பிக்கொண்டார்கள். ரொம்பவும் அவசரம் என்றால் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் பேசினார்கள். தண்ணீர் இப்படி வீணாகிறதே என்று புகார் சார் என்னிடம் வந்து முறையிட்டார். எனக்கு அதெல்லாம் முக்கியமில்லை. "நான் ஞாயித்துக்கிழமைல பேசினதெல்லாம்?" என்றேன். "எல்லாமும்" என்றார். ஒரு மாதம் அவர் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. ஓசியில் டீ குடித்துக்கொண்டே அவரைக் கிழித்தவனுக்கு இந்த ரோஷம் ரொம்ப அதிகம்தான்.

மௌனத்தை உடைத்தது மருமகள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் அறைக்குள் வந்து நின்றாளாம்.

"ஏன் மாமா, இத்தனை வருஷம் நான் திட்டினதைக் கேட்டுட்டு எப்படிச் சும்மா இருந்தீங்க? கோவமே வரலையா?"

"வந்துச்சு. கோவப்பட்டா கேட்டது தெரிஞ்சுபோயிடுமே."

"திட்டினதுக்கு நான் மன்னிப்புக் கேக்கப் போறதில்ல. நேர்ல சொல்லச் சொன்னாலும் சொல்லுவேன். ஆனா எங்கம்மா செத்தப்ப ஒரு நாள் இங்க வந்து உக்காந்து அழுதேனே, ஞாபகம் இருக்கா? உங்களுக்குத்தான் கேக்காதேன்னு மனசுல இருந்ததெல்லாம் கொட்டினேன். என் புருஷன்கிட்டகூட அதெல்லாம் சொன்னதில்ல. நீங்க பேப்பரைப் பார்த்துட்டு இருந்தீங்க."

அவருக்கு நினைவிருந்தது. கடைசி நாட்களில் அம்மாவைப் போய்ப் பார்க்கவில்லையே என்று அவள் விம்மியது, பேப்பரில் எந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது, எல்லாமே.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"சொல்லியிருக்கலாம்மா" என்றார். அவள் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போனாள். அது நன்றாகவே கேட்டது.

அதற்குப் பிறகு எல்லோரும் திருந்தி அன்பாக வாழ்ந்தார்கள் என்று நான் எழுதினால் புகார் சாரே சிரிப்பார். இப்போது காதில் ஒரு மெஷின் மாட்டியிருக்கிறார். அது நேரம் காலம் தெரியாமல் விசிலடிக்கும். சாயங்காலத்தில் மருமகள் காய் நறுக்க உட்கார்ந்தால் இவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்காருகிறார். அவள் திட்டுவதை முகத்துக்கு நேராகவே திட்டுகிறாள். இவரும் பதிலுக்குப் பதில் கொடுக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோதுகூட, ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்கு ஒரு பாட்டம் சண்டை நடந்துகொண்டிருந்தது. மகன் கூடத்தில் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தான். கடைக்குப் போய் வரச்சொல்லி அவள் அவனை மூன்று தடவை கூப்பிட்டாள். அவன் அசையவில்லை.

"பாத்தீங்களா மாமா, உங்க புள்ள லட்சணத்தை?" என்றாள்.

"அவன் எங்கே நடிக்கிறான்மா? அவனுக்கு நெஜமாவே ஒண்ணும் ஏறாது" என்றார் புகார் சார். பிறகு பையை எடுத்துக்கொண்டு அவரே கடைக்குக் கிளம்பினார்.