அக்கா இரண்டாகப் பிரித்த திரை

அன்புள்ள உறவினர்களுக்கும் சிஞ்ச்வட் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுத என்னைவிடப் பொறுமையான ஆள் குடும்பத்தில் கிடைக்காததால் இந்தப் பக்கங்கள் என்னிடம் வந்தன.

அக்கா பிறந்தது கோவை பீளமேட்டில். அப்பாவுக்குப் புணே அருகே சிஞ்ச்வட்டில் லேத் வேலை கிடைத்து நாங்கள் இங்கு வந்தபோது அக்காவுக்குப் பத்து வயது, எனக்கு நான்கு. மறு ஆண்டே அம்மா காலமானார். அன்று முதல் எனக்குத் தலைவாரிவிட்டதும், பள்ளிக்கு வந்து ஆசிரியரிடம் திட்டு வாங்கியதும் அக்காதான். பின்னர் வண்டி உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் வரைபடப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணப் பேச்சை எடுத்தால், "மொதல்ல இந்த வீட்டு வேல முடியட்டும்" என்பார். அது கடைசிவரை முடியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. கோபம் மட்டும் குறையாமல் இருந்தது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வந்த அம்மாளை எல்லோரும் மாவ்ஷி, அதாவது சித்தி, என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு மராத்தி மட்டுமே தெரியும். அப்பா படித்தது தமிழ் மட்டுமே. அக்கா அட்டையில் படங்கள் வரைந்து கொடுத்தார். ஆயுள் முழுக்க இயந்திரம் ஓட்டிய அப்பா, குழந்தைக்குக் காட்டும் அட்டை என்று நினைத்து அதை விட்டெறிந்தார்.

நான் அப்போது அங்கே இல்லை. மராத்திப் பெண்ணை மணந்ததற்காக அப்பா என்னோடு பேச்சை நிறுத்தி மூன்று வருடமாகியிருந்தது. லோக்கல் ரயிலில் ஏறினால் தொட்டுவிடும் தூரத்தில், தளேகாவில்தான் இருந்தேன். "அவர் கூப்பிட்டால் வருகிறேன்" என்று அக்காவிடம் சொன்னேன். பேச்சே போன மனிதர் கூப்பிட வேண்டுமாம். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"மிஷின்னாத்தான் தொடுவாரு" என்று அக்கா ஒரு வழி கண்டார். அலுவலகத்தில் ஓரங்கட்டி வைத்திருந்த பழைய வீட்டுக் கணினியைக் கேட்டு வாங்கி வந்து டிவியில் மாட்டினார். கேசட்டிலிருந்து நிரல் ஏற வேண்டிய காலத்துச் சாமான் அது. அப்பா இடது கையால் ஓர் எண்ணை அழுத்தினால் ஒலி வரும். மாவ்ஷி அடுக்களையிலிருந்து வந்து பார்ப்பார். திரையின் மேல்பாதியில் மாவ்ஷிக்குப் படம், கீழ்ப்பாதியில் அப்பாவுக்குத் தமிழ்ச் சொல்.

ஆனால் அந்தக் கணினி ஒன்றைக் கொடுத்தால் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும். நுண்ணிய புள்ளிகளில் வரைந்தால் இரண்டே நிறம். தண்ணீரும் டீயும் ஒரே டம்ளராகத் தெரிந்தன. தண்ணீர் கேட்டவருக்கு மாவ்ஷி டீ கொண்டுவந்தார். நான்கு நிறம் கேட்டால் புள்ளிகள் இருமடங்கு அகலமாகும். டீ டீயாகத் தெரிந்தது, ஆனால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படிக்க முடியாமல் போயின. அப்பா விசைப்பலகையைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். இரண்டு நாள் சாப்பிடவில்லை.

டிவி தன் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகத்தான் வரைகிறது. பாதி வரைந்த கணத்தில் கணினியைப் பெரிய புள்ளியிலிருந்து சிறிய புள்ளிக்கு மாற்றி, மறுபடி மேலே போகும்போது திருப்பிவிட்டால் ஒரே திரையில் இரண்டும் கிடைக்கும். நொடிக்கு ஐம்பது தடவை அப்படி மாற்ற வேண்டும். அக்கா அதைச் செய்தார். ஆனால் இரண்டும் சேரும் இடம் நடுங்கிக்கொண்டே இருந்தது. வாரக்கணக்கில் போராடிவிட்டு, அங்கே சில வரிகளைக் கறுப்பாகவே விட்டார். நடுக்கம் தெரியாமல் போனது.

"ரெண்டும் ஒட்டாதுடா. நடுவுல கொஞ்சம் எடம் விட்டாப் போதும், ஒரே திரையில இருந்துக்குது" என்று போனில் சொன்னார். என்னையும் அப்பாவையும் குத்திக்காட்டுகிறார் என்று கோபித்து போனை வைத்தேன். பாவம், அவர் திரையைத்தான் சொன்னார்.

ஒன்பது எண்கள், ஒன்பது படங்கள். ஒரு மாலை நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது.

"டேய், அப்பா காலையிலிருந்து ஒம்பதையே அழுத்தறாரு."

"ஒம்பதுன்னா என்னக்கா?"

"நீதான்டா."

அடுத்த ரயிலில் போனேன். கதவைத் திறந்த மாவ்ஷி என்னை அதற்குமுன் பார்த்ததில்லை. ஒரு கணம் பார்த்துவிட்டு, "ஹாச் தோ சஷ்மேவாலா" என்று உள்ளே குரல் கொடுத்தார். இவன்தான் அந்தக் கண்ணாடிக்காரன் என்று. திரையில் பெரிய பெரிய புள்ளிகளாலான ஒரு முகம், சிவப்புக் கண்ணாடியோடு. கீழே, அப்பா என்னைக் கூப்பிடும் 'சின்னவன்'. அப்பா என்னைப் பார்த்தபடியே இன்னொரு முறை ஒன்பதை அழுத்தினார். அதன்பின் அவர் இருந்த இரண்டு வருடமும் ஒரு ஞாயிறும் நான் தவறவில்லை.

"உன் படம் எங்கக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பக்கத்து ரூம்ல இருக்கறவளுக்கு எதுக்குடா படம்?"

சென்ற ஆண்டு நுரையீரல் கெட்டு மருத்துவமனையில் இருந்தபோது அக்காவின் தொண்டையில் குழாய் இருந்தது. செவிலியர் வெளியே வந்து, உங்கள் அக்கா காலையிலிருந்து ஒன்பது விரல்களைக் காட்டுகிறார், ஒன்பது மணிக்கு யாராவது வர வேண்டுமா என்று கேட்டார். நான் எழுந்து உள்ளே போனேன். மறுநாள் அக்கா காலமானார்.

கடைசி நாட்களில் முறை வைத்து எங்களோடு இருந்த பாணேர் பகுதி நண்பர்கள், சோறு கொடுத்தனுப்பிய குடியிருப்புச் சொசைட்டி வீட்டார், தள்ளாத வயதிலும் வந்து அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மாவ்ஷி, கோவையிலிருந்து ஓடிவந்த சொந்தங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்தப் பக்கங்களை எழுதுமுன் அந்தக் கணினியைப் பரணிலிருந்து இறக்கி டிவியில் மாட்டினேன். கேசட் இன்னும் ஓடுகிறது. ஒன்றிலிருந்து ஒன்பதுவரை அழுத்திப் பார்த்தேன். தண்ணீர் வந்தது, டீ வந்தது, மருந்து வந்தது, கடைசியில் நானும் வந்தேன். அக்காவைக் கூப்பிட அதில் எண் இல்லை.