முதல்ல நம்ம கார்ல பார்ப்போம்

கெலிஓயாவில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோதுதான் ஆறுமுகம் அண்ணனின் மனைவி ராஜேஸ்வரி அக்கா போன் பண்ணினார். "அண்ணன் போயிட்டாரும்மா" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. ஆறுமுகம் அண்ணனும் போய்விட்டார் என்றால், இனி இந்தக் கண்டியில் என்னைவிடப் பயந்த ஆள் யாருமே இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. சாவுச் செய்தி கேட்ட நேரத்தில் இப்படியும் ஒரு நினைப்பா என்று கேட்பீர்கள். அவரைத் தெரிந்தவர்கள் கேட்கமாட்டீர்கள்.

கண்டி டவுனில் ஒரு கராஜில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவர் சாமான் அறைக்குப் பொறுப்பு. நான் பில் எழுதுகிறவள். அவருடைய பயம் கராஜ் முழுக்கப் பிரசித்தம். வாசலில் ஒரு பொலிஸ் ஜீப் வேகத்தைக் குறைத்தால் போதும், கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் அடையாள அட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். "அண்ணே, ஜீப் டீ குடிக்கத்தான் நிக்குது" என்று நான் சீண்டுவேன். "சிரிம்மா, நல்லாச் சிரி. இந்தப் பயம்தான் என்னை ஒழுங்கா வீடு கொண்டுபோய்ச் சேர்க்குது" என்பார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. பஸ்ஸில் தமிழில் பேசுவதென்றால் குரலைத் தாழ்த்திப் பேசிய யுத்த காலம் அது. ராஜேஸ்வரி அக்காவின் தம்பி கலகெதரவில் ஒரு கடையில் நின்றவர். விசாரணை என்று பொலிஸார் அவரைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தார், ஆனால் வந்தவர் பழைய ஆளாக இல்லை. அதிலிருந்து அக்கா வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே நடுங்குவார். அக்காவுக்குத் தெரியக்கூடாதென்று அண்ணன் தன் நடுக்கத்தை வீட்டுக்கு வெளியே வைத்துக்கொண்டார். அதனால்தானோ என்னவோ, அது முழுவதும் கராஜில் எங்களுக்குக் கிடைத்தது.

அந்த வருஷம் ஆயுத பூசை அன்று, முற்றத்தில் நின்ற எல்லா வண்டிக்கும் பூசாரி வழக்கப்படி திருநீறு பூசி, சந்தனம் குழைத்து, குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டே போனார். ஒன்றையும் விடக்கூடாது என்பது முதலாளியின் சொல். பூசை முடிந்து முதலாளி மாத்தளைக்குப் போய்விட்டார். மத்தியானம் மழை கொட்டியது. மழை விட்டு வெயில் வந்த பிறகு முற்றத்துக்குப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன். பிரேக் சரிபார்க்க வந்திருந்த ஒரு வெள்ளைக் கார். குங்குமம் கரைந்து பொனட்டிலிருந்து பம்பர் வரை சிவப்புச் சிவப்பாக வழிந்து, அப்படியே காய்ந்திருந்தது. அந்தக் கார் ஒரு பெரிய பொலிஸ் அதிகாரியுடையது. சாயங்காலம் தானே வந்து எடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

வெள்ளைக் காரில் அந்தச் சிவப்பு எப்படி இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. பொலிஸ்காரர் காரில், தமிழர் கராஜில், அந்தக் காலத்தில். "ஐயோ அண்ணே, தொலைஞ்சோம்!" என்று கத்திக்கொண்டு பாத்திரம் தேய்க்கும் விம் தூளையும் தேங்காய்த் தும்பையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். அண்ணன் குறுக்கே வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"கை வைக்காதம்மா! அதில திருநீறு இருக்கு, ரோட்டுப் புழுதி இருக்கு. காய்ஞ்சதைத் தேய்ச்சா அத்தனையும் கீறும்."

"அப்ப என்னதான் செய்றது?"

"எனக்கும் தெரியல. முதல்ல நம்ம கார்ல பார்ப்போம்."

நம்ம கார் என்றால் அவருடைய கார். மாமனார் வீட்டிலிருந்து வந்த பழைய வண்டி, அதுவும் வெள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவுவார். அதிலும் அதே பூசாரி வைத்த அதே குங்குமம் வழிந்திருந்தது. என் கையிலிருந்த விம்மை வாங்கி, தன் காரின் பொனட்டில் ஒரு ஓரத்தைத் தேய்த்தார். சிவப்புப் போனது, கூடவே மினுக்கமும் போய் உள்ளங்கை அகலத்துக்கு மங்கிவிட்டது. அதற்குப் பக்கத்தில் பெயின்ட் கரைக்கும் தின்னர் வைத்துத் துடைத்தார். துணியில் பெயின்ட்டே வந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் அந்த இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் தலைக்குப் போடும் ஷாம்பு வாங்கிவரச் சொன்னார். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிப் புழுதியை ஓடவிட்டார். பழைய வேட்டித் துண்டை ஷாம்புத் தண்ணீரில் நனைத்து, கறையின் மேல் விரித்துப் போட்டார். தேய்க்கவில்லை. காத்திருந்தோம். தெருவில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "தேய்ங்களேன் அண்ணே, ஆள் வந்திடுவாரு" என்று நச்சரித்தேன். "பயத்தில கை வேகமா ஓடத்தான் பார்க்கும். ஓட விடக்கூடாது" என்றார். துணியை எடுத்தபோது சிவப்பு துணிக்கு வந்திருந்தது. பெயின்ட் அப்படியே இருந்தது.

பிறகுதான் அதிகாரியின் காரைத் தொட்டார். நிழலுக்குத் தள்ளி, மேலிருந்து கீழாகத் தண்ணீர் விட்டு, துணி போட்டு எடுத்து, ஷாம்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணி அலச வேறொரு வாளி என்று ஒவ்வொரு இடமாக எடுத்தார். வாசலில் சத்தம் கேட்டபோதெல்லாம் கை சட்டைப் பைக்குப் போய் வந்தது. ஆனாலும் ஒரு இடத்தில்கூட அழுத்தவில்லை.

அதிகாரி வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். மற்ற வண்டிகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "மகே கார் எகே பொட்டுவ கோ?" என்று சிங்களத்தில் கேட்டார்.

என் காரில் பொட்டு எங்கே என்கிறார்! அவர் வருஷா வருஷம் கதிர்காமம் முருகன் கோயிலுக்குப் போகிறவராம். எல்லா வண்டிக்கும் சாமி பொட்டு, தனக்கு மட்டும் இல்லையா என்று மனவருத்தம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அண்ணன் குங்குமத் தட்டை எடுத்துவந்தார். பொனட்டுக்குப் போன கையைச் சட்டென்று திருப்பி, முன் கண்ணாடியில் ஒரு சின்னப் பொட்டு வைத்தார். அதிகாரி கும்பிட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார். அண்ணன் அங்கேயே தரையில் குந்திவிட்டார். அதிலிருந்து எங்கள் கராஜில் பொட்டு கண்ணாடிக்குத்தான்.

சாவு வீட்டுக்கு அம்பிட்டியவுக்குப் போனேன். கார் முற்றத்தில் நின்றது. பொனட்டில் அந்த மங்கல் அப்படியே இருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்ட ராஜேஸ்வரி அக்கா, "அதைப் பார்க்காதம்மா. எங்க அப்பா குடுத்த காரை எங்கேயோ கொண்டுபோய்த் தேய்ச்சிட்டு வந்தாரு. கேட்டா வாயே திறக்கல. குடிச்சிட்டுத்தான் இடிச்சிருப்பாருன்னு எத்தனை வருஷம் திட்டியிருக்கேன்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீட்டில் பொலிஸ் என்ற சொல்லைச் சொல்லாமலிருக்க, குடிக்காத மனிதர் குடிகாரப் பேச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அக்காவின் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா எழுந்துபோய் அந்த மங்கிய இடத்தில் கையை வைத்தார். நெடுநேரம் கையை எடுக்கவேயில்லை.

எனக்கு இன்றும் பயம்தான். ஆஸ்பத்திரி வாசலில் பயம், கதவு தட்டினால் பயம். அப்போதெல்லாம் கை அவசரத்தில் பறக்கும். பறக்கிற கையை நிறுத்த அவருடைய ஒரு வார்த்தை என்னிடம் இருக்கிறது: "முதல்ல நம்ம கார்ல பார்ப்போம்." கெடுவதென்றால் முதலில் என்னுடையது கெடட்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று, அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.