தாய்மாமன் வந்த வண்டி

என் வீட்டுக்காரர் ஒரு கல்லூரியில் நூலகர். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். செருப்பு எங்கே என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார். உப்பளம் என்கிற எங்கள் பேட்டையில் வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குப் போய்வருவதற்குள் குடை, பை, மூக்குக்கண்ணாடி என்று ஏதாவது ஒன்று ஊருக்குத் தானமாகிவிடும். இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்துவதே பெரும்பாடு, பயணத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அவருக்கு ஒரே தங்கை. பிள்ளைச்சாவடியில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் வாக்கப்பட்டிருக்கிறாள். அவளுடைய மூத்த பெண்ணுக்குக் காது குத்திய அன்று எனக்குக் காய்ச்சல். இவரைத் தனியாக அனுப்பினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்று அங்கே எல்லாரும் காத்திருக்க, இவர் அடுத்த தெருக் கோயிலில் யாரோ வீட்டுக் காதுகுத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். பந்தியில் பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு வந்து, "நம்ம ஜனம் ஒருத்தர்கூட கண்ணுல படலியே" என்று என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார். கடைசியில் இவர்களுடைய சித்தப்பா மகன் மடியில் வைத்துக் குத்தினார்களாம். நாத்தனார் ஒரு வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. கூடப்பிறந்தவன் இருந்தும் இல்லாதவள் என்று மாமியார் வீட்டில் அவள் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை.

போன தை மாதம் இளையவனுக்குக் காதுகுத்து. "அண்ணி, இந்தத் தடவையும் அண்ணன் வரலன்னா, எனக்குப் பொறந்த வீடே இல்லன்னு நெனச்சிக்கிறேன்" என்று போனில் சொன்னாள். அழவில்லை, கத்தவில்லை. போனை வைத்துவிட்டாள்.

இந்தத் தடவை ஒன்றையும் விடுவதில்லை என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவர் போனைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டேன், தொலைக்க முடியாதே. பிள்ளைக்கு வாங்கிய தங்கத்தோட்டைத் தாய்மாமன்தான் கொண்டுபோக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சரி என்று சட்டைப் பையில் வைத்து, பையின் வாயை ஊக்கால் குத்திவிட்டேன். ஆட்டோ சொல்லலாம் என்றேன். "ஆட்டோன்னா நான் வழி சொல்லணும். பஸ்ஸுன்னா அதுவே போயிடும்" என்றார். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டேன்.

முகூர்த்த நாள், பஸ்ஸில் எள் போட்டால் விழாது. சீர்ச் சாமான் பைகளோடு நான் முன்பக்கம் பெண்களோடு இடிபட்டுக்கொண்டு நின்றேன். அவர் பின்பக்கம். கோட்டக்குப்பம் தாண்டி, பிள்ளைச்சாவடி நிறுத்தத்தில் பஸ் நின்றதும் மேளச்சத்தம் காதைப் பிளந்தது. தாய்மாமனை எதிர்கொண்டு அழைக்க நாத்தனார் ஆரத்தித் தட்டோடு, அவள் மாமியார், சொந்தம், பந்தம் என்று ரோட்டோரமே நிரம்பியிருந்தது. நான் இறங்கினேன். எனக்குப் பிறகு ஒரு கிழவர் இறங்கினார். அவரை மாமன் என்று நினைத்து நாதஸ்வரக்காரர் ஒரு இழுப்பு இழுத்தார். விசில் அடித்தது, பஸ் போய்விட்டது. மேளம் ஒவ்வொன்றாக அடங்கியது.

"அண்ணன் எங்க அண்ணி?"

நான் சட்டென்று அவர் எண்ணுக்குப் போன் போட்டேன். என் கைப்பைக்குள்ளேயே மணி அடித்தது. அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா!

கோயில் வாசலில் பிள்ளைக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியாகிவிட்டது. அவனோ மேளத்தைப் பார்த்து அழுதான், ஆசாரியைப் பார்த்து அலறினான். ஆசாரிக்குக் காலாப்பட்டில் இன்னொரு காதுகுத்து, ராகுகாலம் வேறு நெருங்குகிறது. நாத்தனாரின் மாமியார், "ஏம்மா, பெரியவளுக்கு உக்காந்த ஆளுதான் இதோ நிக்கிறாரே, அவரையே உக்கார வெச்சி முடிச்சிடுங்களேன்" என்றாள். சித்தப்பா மகன் வேட்டியை உதறிக் கட்டத் தொடங்கிவிட்டான்.

"எங்கண்ணன் மடி இல்லன்னா குத்தவே வாணாம்" என்றாள் நாத்தனார். "எம்புள்ள மூளிக்காதாவே இருக்கட்டும்."

எனக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. அவள் அண்ணன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் மீன் ஆய்கிற மாதிரி ஆய்ந்திருப்பேன்.

அப்போது அவர் போன் என் பையில் மறுபடி அடித்தது. தெரியாத எண். எடுத்தேன்.

"இன்னாது, நீ எடுக்கிற? என் போன் உன்கிட்ட எப்பிடி வந்துச்சி?" என்றது அவர் குரல். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அவருடைய எண்தான். யாருடைய போனையோ வாங்கி அதற்கே அடித்திருக்கிறார்.

"எங்க கீறீங்க?"

"மேட்டுப்பாளையம். கம்பெனிக்குள்ள."

மேட்டுப்பாளையம் எங்கள் ஊர்த் தொழிற்பேட்டை, பிள்ளைச்சாவடிக்கு வேறு திசை. நடந்தது இதுதான். முத்தியால்பேட்டையில், இறங்குகிற ஜனத்துக்கு வழிவிடக் கீழே இறங்கி மரியாதையாக ஓரம் நின்றிருக்கிறார். பஸ் போய்விட்டது. பின்னாடியே வந்து நின்ற வேனில் நாலு பேர் ஏற, இவரும் ஏறிவிட்டார். அது ஷிப்டுக்கு ஆள் ஏற்றுகிற கம்பெனி வண்டி. டிக்கெட் கேட்கவில்லை, எழுந்து இடம் வேறு கொடுத்தார்கள், எவ்வளவு நல்ல மனுஷங்க என்று ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டே போயிருக்கிறார். கம்பெனி வாசலில் காவல்காரர் தலைக்கு ஒரு மஞ்சள் ஹெல்மெட் கொடுக்க, அதையும் மாட்டிக்கொண்டு வரிசையில் உள்ளே போன பிறகுதான், "பிள்ளைச்சாவடி எப்போங்க வரும்?" என்று கேட்டிருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னேன். நாத்தனார் ஆசாரியின் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், அவர் எழுந்து போகாமல் இருக்க.

ராகுகாலம் பிறக்கக் கொஞ்ச நேரமே இருந்தபோது, ஆரனை அலறவிட்டுக்கொண்டு கம்பெனி வேன் கோயில் வாசலுக்கே வந்தது. டிரைவர் புண்ணியவான், கதையைக் கேட்டு அவராகவே வண்டியைத் திருப்பியிருக்கிறார். மேளம் விட்ட இடத்திலிருந்து பிடித்தது. மஞ்சள் ஹெல்மெட்டோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, தாய்மாமன் இறங்கினார். ஓடிப்போய்ச் சட்டைப் பையைப் பார்த்தேன். ஊக்கு அப்படியே இருந்தது. அந்த ஒரு ஊக்குக்காகத்தான் அன்றைக்கு அவரை மன்னித்தேன்.

"சாரிம்மா, லேட்டாயிடுச்சி. பஸ்ஸு கொஞ்சம் சுத்திக்கினு வந்துச்சி" என்றார் தங்கையிடம்.

"ஒக்காருண்ணே" என்றாள்.

ஹெல்மெட்டைக் கழற்றக்கூட நேரமில்லை. அதுவரை தொண்டை கிழியக் கத்தியவன் மாமன் மடியில் ஏறினானோ இல்லையோ, அந்த மஞ்சள் தொப்பியைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தான். இரண்டு கையாலும் அதில் மேளம் கொட்டினான். அவன் கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஆசாரி இரண்டு காதையும் முடித்துவிட்டார். "இப்பிடி அழாத புள்ளைய நான் பாத்ததில்ல" என்று நாத்தனாரின் மாமியார் சொன்னாள். என் காது குளிர்ந்தது.

ஆசாரி பெட்டியை மூடும்போது மூத்தவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"எனக்கும் குத்துங்க."

"உனக்குத்தான் அப்பவே குத்தியாச்சே பாப்பா?"

"அது மாமா மடியில குத்தல. அம்மா எப்பவும் சொல்லும்."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற என் வீட்டுக்காரர் இளையவனை என்னிடம் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். ஆசாரி விவரமானவர். விரலில் சந்தனத்தைத் தொட்டு, ஊசி குத்துவதுபோல அவள் காதில் ஒரு அழுத்து அழுத்தினார். "ஐயோ, அம்மா!" என்று அவள் ஊரே கேட்கிற மாதிரி கத்தினாள். மேளக்காரர்கள் உண்மையென்றே நினைத்துக் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். சனமெல்லாம் சிரித்தது.

வெளியே வேன்காரர் ஆரன் அடித்தார், ஹெல்மெட்டுக்காக. என் வீட்டுக்காரர் வழக்கம்போல அவசரமாக எழப்போனார்.

நாத்தனார் அவர் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"நீ எந்த வண்டியிலயும் ஏற வாணாம். அப்பிடியே உக்காருண்ணே."