பாதி மாத்திரை

அரசாங்கக் கிளினிக்கிலிருந்து மருதமுத்து சிரித்த முகத்தோடு திரும்பினால், அவருக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது என்று காளியம்மா புரிந்துகொள்வாள். மோட்டார்சைக்கிளை வாசல் மாமரத்தடியில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே, "கூட்டிட்டாங்க" என்பார், ஏதோ மாதச் சம்பளத்தைக் கூட்டிவிட்ட மாதிரி. அவள் மருந்துப் பையை வாங்கி, கையில் எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்ப்பாள்.

"உங்களுக்கு ஏறினாத்தான் எனக்கு விருந்து" என்று சொல்லிக்கொண்டே உள்ளே கொண்டுபோவாள்.

கேட்கிறவர்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தோன்றும். மலாக்கா மாநிலத்து மெர்லிமாவில் அந்த மலிவு விலை வீட்டுக்குள் ஏழு வருஷமாக நடந்துவந்த காரியம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான்.

காளியம்மா பிறந்தது மெர்லிமாவுக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர் லயத்து வீட்டில். பிறப்பைப் பதிய வேண்டுமென்றால் அவள் அப்பன் ஒரு நாள் பேரை, அன்றைய கூலியை, விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போக வேண்டும். பெண் பிள்ளைதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான். அந்த அப்புறம் வரவே இல்லை. அவளுக்கு நாலு வயதில் அவன் போனான், ஒன்பது வயதில் ஆத்தாளும் போனாள். பெரியம்மா வீட்டுச் சோற்றைத் தின்று, பன்னிரண்டு வயதில் ரப்பர்ப் பால் வாளி தூக்கினாள். பிறகு பால் எடுக்க மரம் வெட்டினாள். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டபோது கங்காணி சொன்ன கூலிக்கு உதிரிப்பழம் பொறுக்கினாள். நாற்பது வருஷம் அந்த மண்ணில் குனிந்து நிமிர்ந்தவளிடம், நீ யாரென்று கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

மருதமுத்து தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். கல்யாணத்தைப் பதிய ஐ.சி. என்கிற அடையாள அட்டை வேண்டும் என்றார்கள், அதனால் பதியவில்லை. ஐ.சி.க்கு மனு எழுதிப் போட்டார்கள், ஒன்றுக்கு மூன்று தடவை. சாட்சி கொண்டுவாருங்கள் என்றார்கள். அவள் பிறந்ததைப் பார்த்தவர்கள் எல்லாம் சுடுகாட்டில் இருந்தார்கள். குழந்தை இரண்டு தடவை உண்டாகித் தங்கவில்லை. அதைப் பற்றிப் பேச்சு வந்தால், "நல்லதாப் போச்சு, பொறந்திருந்தா அதுக்கும் பேப்பர் இருந்திருக்காது" என்று சிரிப்பாள். மருதமுத்து அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்.

மருதமுத்துவுக்குக் குடிமக்களுக்கான நீல ஐ.சி. உண்டு. மெர்லிமாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் புல் வெட்டும் வேலை. ஐம்பத்தைந்து வயதில் பிரஷர் வந்தது. கிளினிக்கில் ஒரு மலேசிய வெள்ளி கட்டினால் போதும். டாக்டர், ரத்தச் சோதனை, மருந்து எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அடுத்த வருஷம் காளியம்மாவுக்குப் பின்மண்டை இடிக்கத் தொடங்கியது. அதே கிளினிக்கில் ஐ.சி. இல்லாத அவளுக்கு வெளிநாட்டுக்காரர் கட்டணம், மருந்துக்குத் தனி. கவுண்டர் வரைக்கும் போய், தொகையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். கடைத்தெருவில் ஒரு தனியார் டாக்டர் அளந்து பார்த்துவிட்டு, இந்தப் பிரஷரோடு எப்படியம்மா நடந்து வந்தாய் என்று கேட்டாராம். அவர் கொடுத்த ஒரு மாத மாத்திரைக்கு மருதமுத்துவின் ஒரு வாரச் சம்பளம் போனது.

அன்றைக்கு வீட்டில் மருதமுத்து இரண்டு மாத்திரை அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் பார்த்தார். ஒரே எழுத்துகள். நீளமும் ஒன்று.

"ஒரே சாமான்தான் காளி" என்றார்.

மறுநாள் காலையில் பாக்குவெட்டி வந்தது. காளியம்மா வெற்றிலையை விட்டு வருஷக்கணக்காகியும் அது அடுக்களைக் கூடையில் கிடந்தது. அதைச் சுடுதண்ணீரில் கழுவி, மாத்திரையை நடுவில் வைத்து நறுக்கினார். ஒரு பாதி அவளுக்கு, ஒரு பாதி அவருக்கு. சரிபாதியாக விழாத நாளில் பெரிய துண்டு யாருக்கு என்று சின்னச் சண்டை நடக்கும். அவள் சின்னதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்துவிடுவாள். அப்புறம் பேச என்ன இருக்கிறது.

பாதி மருந்தில் அவருக்கு எப்படிப் பிரஷர் இறங்கும்? ஒவ்வொரு தடவையும் டாக்டர் கூட்டினார். கூட்டக் கூட்ட வீட்டில் இரண்டு பேருக்கும் மருந்து ஓரளவு காணத் தொடங்கியது. இரண்டாவது வகை மாத்திரை சேர்ந்தபோது காளியம்மா பாயசம் வைத்தாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் அனுசியா மாற்றலாகி வந்தாள். தங்கா பத்து என்ற ஊர்ப் பக்கத்துப் பெண், தமிழில் பேசுவாள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, உப்பைக் குறைத்தாரா, கருவாடு தின்கிறாரா என்று குடைந்தெடுப்பாள். மிச்ச மாத்திரையைக் கொண்டுவரச் சொன்னாள். மிச்சமே இல்லை, எல்லாம் நாள் தவறாமல் தீர்ந்திருந்தது. "அப்ப மருந்துதான் பத்தல அங்கிள்" என்று மறுபடியும் கூட்டி எழுதினாள். அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒருநாள் வீட்டில் கேட்டார்.

"அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான்" என்றாள் காளியம்மா. "ஆனா கேட்டப்புறம் தெரியாத மாதிரி இருக்க முடியுமா அவளால? எழுதி வச்சிட்டா உள்ளதும் போயிரும். கம்முனு இருங்க."

போன வருஷம் அக்டோபர் மழையில், பாசாரிலிருந்து திரும்பும் முனையில் மோட்டார்சைக்கிள் வழுக்கி மருதமுத்துவுக்குக் காலெலும்பு முறிந்தது. மலாக்கா டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து அறுவை செய்தார்கள். வழக்கமாகச் சாப்பிடுகிற மருந்து எல்லாவற்றையும் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் வார்டு நர்ஸ் சொல்லிவிட்டாள். அங்கே அதுதான் முறை.

மறுநாள் பக்கத்து வீட்டுக் கோமளாவின் காரில் காளியம்மா வந்தாள். கோமளா செங் என்ற ஊரில் பேக்டரி வேலை பார்ப்பவள். நைட் ஷிப்ட் முடிந்த கையோடு அழைத்து வந்திருந்தாள். காளியம்மா மருந்துப் பையை இரண்டு கையாலும் நீட்டினாள். மிஸ்ஸி அதை மேசையில் கொட்டி, மேலே ஒட்டியிருந்த தேதியைப் பார்த்து, மாத்திரைகளை எண்ணினாள். காளியம்மாவின் கண் அந்த விரலிலேயே இருந்தது. கணக்கு சரியாக இருக்கிறது, பெரியவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று மிஸ்ஸி மலாயில் பாராட்டிவிட்டுப் போனாள். அது மருதமுத்துவின் காதில் விழுந்தது. மனசில் விழவில்லை.

"உனக்கு எடுத்து வச்சியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அதெல்லாம் மைலோ டின்ல இருக்கு. நீங்க காலப் பாருங்க."

வார்டில் காலையில் மிஸ்ஸி முழு மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்குகிற வரைக்கும் நின்றாள். கிளினிக் மருந்துப் புத்தகத்தில் எழுதியிருந்த அத்தனையும் ஏழு வருஷத்தில் முதல்முறையாக அவர் ஒருவர் வயிற்றுக்குள் போனது. மூன்றாம் நாள் தாங்குகட்டையோடு எழுந்தவருக்குக் கண் இருட்டியது. சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். அளந்தால் பிரஷர் பாதாளத்தில் இருந்தது. வார்டு டாக்டர் வந்தார். வீட்டில் இத்தனையும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். சாப்பிடுகிறேன் என்றார் மருதமுத்து. அப்படியென்றால் மருந்து அதிகம், இப்படியே இருந்தால் பாதியாகக் குறைத்துவிடலாம் என்றார் டாக்டர்.

மருதமுத்து கணக்குப் போட்டார். குறைத்து எழுதினால் அவர் பாதி எங்கே, அவள் பாதி எங்கே? ஏழு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது ஒரு பேனாக் கோட்டில் போய்விடும்.

அடுத்த காலையிலிருந்து மாத்திரையைக் கடைவாயில் ஒதுக்கிப் பாதியாகக் கடித்தார். ஒரு பாதியை விழுங்கி, வாயைத் திறந்து காட்டி, மிஸ்ஸி அடுத்த கட்டிலுக்குத் திரும்பியதும் மறுபாதியைத் துப்பி டிஷ்யூவில் வைத்து மடித்தார். பிரஷர் ஏறிக்கொண்டது. பழைய அளவே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னபோது, யாரையோ வழக்கில் ஜெயித்த மாதிரி தலையணையில் சாய்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காளியம்மா பஸ் மாறித் தனியாக வந்தாள். முகம் வெளுத்திருந்தது, பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கேட்டதற்குப் பஸ்ஸில் வெக்கை என்றாள். அவர் போர்வைக்குள்ளிருந்து டிஷ்யூவைக் காட்டினார்.

"எச்சி மாத்திரையா எனக்கு?" என்று சிரித்தாள். ஆனாலும் கை நீண்டது.

அந்த நேரம் பார்த்து மிஸ்ஸி தள்ளுவண்டியோடு வந்தாள். அவர் டிஷ்யூவைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, "வீட்டுக்கு வரப்போ கொண்டாறேன்" என்றார். நீட்டிய கையைக் காளியம்மா போர்வையைச் சரிசெய்வதுபோல் மடக்கிக்கொண்டாள். சரி என்றாள். பார்வை நேரம் முடிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோமளா மட்டும் வார்டுக்கு வந்தாள். அடுத்த ஷிப்டுக்குப் போட்ட பேக்டரிச் சட்டையோடே இருந்தாள்.

"அண்ணே, அக்கா கீழ எமர்ஜென்சில இருக்காங்க" என்றாள். "காலையிலயே வலது கை மரத்துப் போச்சுன்னாங்க. வாங்க ஆஸ்பத்திரிக்குப் போலாம்லா அக்கான்னு கெஞ்சினேன். அவரு வரட்டும், படுத்தா சரியாயிரும்னு சொல்லிட்டாங்க. ஆம்புலன்ஸ் கூப்பிட போன் எடுத்தேன், கையப் புடிச்சிக்கிட்டாங்க. அவருக்கே இப்பத்தான் செலவு, நானும் போய்ப் படுத்தா எந்தப் பேருல படுக்கிறதுன்னாங்க. நான் தூங்கி எந்திரிச்சு வந்து பார்த்தா வாய் கோணிக் கெடக்கு அண்ணே."

ஆஸ்பத்திரியில் யாரும் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. வாங்கிக்கொண்டார்கள், படம் எடுத்தார்கள், செய்யக்கூடியதைச் செய்தார்கள். மூளையில் ரத்தம் கசிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. மருதமுத்துவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கீழே கொண்டுபோனார்கள். வழியில் கவுண்டரில் இருந்த பெண் ஐ.சி. நம்பர் கேட்டாள். இல்லை என்றதும் அவள் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு, பெயரை மட்டும் சொல்லுங்கள் என்று தணிந்த குரலில் கேட்டாள். காளியம்மா என்று சொன்னார். இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்து, வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் அவள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் கோமளாவும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து முடித்தார்கள். எட்டாம் நாள் வீட்டில் தனியாக இருந்தபோது மருதமுத்துவுக்கு மைலோ டின் ஞாபகம் வந்தது. தாங்குகட்டையை ஊன்றி அடுக்களைக்குப் போய் அதை எடுத்தார். உள்ளே நாலைந்து ஊக்கும் ரப்பர் பாண்டும் கோயில் திருநீற்றுப் பொட்டலமும் இருந்தன. மாத்திரை ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் மிஸ்ஸி சொன்னது மனசில் விழுந்தது. கணக்கு சரியாக இருந்ததாம். காளியம்மா தனக்கென்று ஒன்றை எடுத்திருந்தாலும் கணக்கு குறைந்திருக்கும். குறைந்தால் கேள்வி வரும், கேள்வி வந்தால் அவர் மாட்டிக்கொள்வார். அதனால் பையை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒன்பது நாள் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவர் சட்டைப் பையில் டிஷ்யூ இன்னும் இருந்தது. பிரித்துப் பார்த்தார். உமிழ்நீர் காய்ந்து, பாதிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.

மறுநாள் காலை கை பழக்கத்தில் பாக்குவெட்டியை எடுத்து மாத்திரையை நறுக்கினார். ஒரு பாதியை விழுங்கினார். மற்றது தட்டில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் அதையும் வாயில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். வெட்டுவார், இரண்டையும் அவரே தின்பார். அடிக்கடி தலை சுற்றியது. துக்கத்தில் சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிடுவார்.

மூன்று மாதம் கழித்து, கால் தேறிய பிறகு, கிளினிக் தேதி வந்தது. அனுசியா பட்டையைக் கையில் சுற்றி அளந்தாள். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள். பிறகு நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"அங்கிள், நாலு வருஷமா உங்களோட போராடுறேன். இன்னைக்குத்தான் எறங்கியிருக்கு" என்றாள். "கொஞ்சம் ஓவராவே எறங்கிடுச்சு. இவ்வளவு மருந்து இனிமே வேணாம். பாதியா கொறைச்சிடறேன், சரியா?"

"கொறைக்காதீங்கம்மா."

வார்த்தை அவரைக் கேட்காமலேயே வாயிலிருந்து வந்துவிட்டது. அனுசியா சிரித்துவிட்டாள்.

"ஏன் அங்கிள்? மிச்சத்த யார் சாப்பிடப் போறா?"

மருதமுத்து மேசைமேல் இருந்த தன் மருந்துப் புத்தகத்தைப் பார்த்தார். ஏழு வருஷத்து எண்கள், ஒன்றுக்குமேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போனவை, எல்லாம் அவர் பெயரிலேயே இருந்தன.

"யாருமில்லம்மா" என்றார். "நீங்க எழுதுங்க."

மருந்துக் கவுண்டரில் பையை வாங்கியபோது அது முன்பைவிட லேசாக இருந்தது. அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மோட்டார்சைக்கிளைக் கிளப்பாமல் வெகுநேரம் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.