பத்து நாள் பார்க்கச் சொன்ன நாய்

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு இருபதுக்கு என் கணவர் மொட்டைத் தலையோடு கேட்டைத் திறந்தார். மணி பார்த்துவிட்டுத்தான் காபிக்குப் பால் வைத்தேன். பால் பொங்குவதற்குள் வாசலில் அவர் விழுந்த சத்தம் கேட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறார். ஒரு காலில் மட்டும் செருப்பு. அவர் மார்பில் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு நாய் நிற்கிறது. தண்ணீர்க் கிண்ணம் வரை நடப்பதற்கே யோசிக்கும் கிழட்டு நாய் அது. ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது, இன்னொன்றும் மங்கல். அதன் வாய் அவர் தலையில் இருந்தது.

துடைப்பத்தை எடுத்தேன். ஏழாவது படிக்கும் மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அடிக்காதம்மா. நைனாவ நக்குது, அவ்ளோதான்."

நக்கியதோ கடித்ததோ, தலையில் இரண்டு இடங்களில் ரத்தம் கசிந்தது. திருமலையில் மொட்டை போட்டபோது கத்தி பட்ட கீறலா, இங்கே பல் பட்ட கீறலா என்று தெரியவில்லை. பூசி வந்த சந்தனத்தில் பாதி காணவில்லை.

அந்த நாய் எங்களுடையது அல்ல. திருப்பதியில் கைவிடப்பட்ட நாய்களைப் பார்த்துக்கொள்ளும் சில பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண் அந்த மாதத் தொடக்கத்தில் அதைக் கொண்டுவந்து விட்டிருந்தாள். வயதான நாயை யாரும் சீக்கிரம் எடுக்க மாட்டார்கள், ஒரு வீடு அமையும் வரை வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். பள்ளி விட்டு வந்ததும் தனியாக இருக்கும் மகள் பிடிவாதம் பிடித்தாள். நான் வேறொரு பள்ளியில் அறிவியல் பாடம் நடத்துகிறேன், வீடு வர ஐந்தரை ஆகும். கணவர் ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ்ஸில் போய் வருபவர். ஒப்புக்கொண்டேன்.

ஆனால் முதல் நாளே எனக்குச் சந்தேகம். எங்கே கிடைத்தது என்றதற்கு, "ரோட்டுல ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் செருப்பு மாட்டிக்கொண்டாள். ரோட்டு நாய்க்கு நகம் வெட்டியிருக்குமா? கதவருகே நின்று, கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வருமா?

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் விளக்கைத் தலைக்கு நேரே பிடித்துப் பார்த்தார். புது மொட்டையில் கத்திக் கீறல் இருக்கும், அதன் மேல் நாயின் எச்சில் பட்டால் கடித்த மாதிரிதான் என்றார். கீறலைச் சுற்றியே ஊசி போட்டார்கள். சிறுநீரகக் கல் கரைந்ததற்காக மொட்டை போட்டுக்கொண்ட மனிதர், கல் வலிக்குக்கூட அப்படி முகம் சுளித்ததில்லை. நாய் வீட்டில்தானே இருக்கிறது, பத்து நாள் கவனியுங்கள், அது நன்றாக இருந்தால் பயமில்லை என்றார் டாக்டர். பிறகு தெலுங்கில், வேறு யாரையாவது நக்கியதா என்று கேட்டார்.

நான் மகளின் கையைப் பிடித்துத் திருப்பினேன். சைக்கிளிலிருந்து விழுந்த காயம் விரல் முட்டியில் பாதி காய்ந்திருந்தது. நக்கியதா என்று கேட்டேன். நினைவில்லை என்றாள். அவளுக்கும் ஊசி போட்டார்கள். அன்றிலிருந்து அந்த விரல் முட்டியைத் தவிர எனக்கு உலகத்தில் வேறு எதுவும் தெரியவில்லை.

மறுநாளே நாயைத் திருப்பி அனுப்பச் சொன்னார் கணவர். நான் மறுத்தேன். அதன் மேல் இரக்கம் வந்துவிடவில்லை. அங்கே போய்ச் செத்துப்போனால் எங்களிடம் சொல்வார்கள் என்று என்ன நிச்சயம்? என் கண் முன்னால் இருந்தால்தான் நம்புவேன். பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் சங்கிலியில் கட்டினோம். நான் வீட்டில் இல்லாத நேரம் மகள் அந்தப் பக்கம் போகாதபடி பின்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன்.

வெறிநோயின் அறிகுறிகளைச் செல்போனில் படித்தேன். எச்சில் வடியும். வடிந்தது. நடை தள்ளாடும். தள்ளாடியது. குரல் மாறும். அதன் குரல் வந்த நாள் முதலே கரகரப்புத்தான், அப்போதே நோய் இருந்ததோ என்று தோன்றியது. சுவரையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வயதானால் வருவது எது, நோயில் வருவது எது என்று பிரித்துச் சொல்ல என் படிப்பு போதவில்லை.

தண்ணீரைக் கண்டு பயப்படும் என்று படித்ததும், அதன் வெள்ளைப் பிளாஸ்டிக் கிண்ணத்தின் உள்பக்கம் மார்க்கரால் கோடுகள் போட்டேன். காலையில் மேல் கோடு வரை ஊற்றி மாப் கட்டையால் தள்ளிவிடுவேன். மாலையில் எட்டிப் பார்ப்பேன். ஒரு கோடு இறங்கியிருந்தால் அன்று இரவு சாப்பிடுவேன். இறங்காத அன்று ஒன்றும் இறங்காது.

"நாய்க்கு எக்ஸாம் வெக்கிறியா நீ?" என்றாள் மகள். "மார்க் போட்டு எங்க அனுப்புவ?"

கணவர் வீட்டுக்குள்ளும் தொப்பி போட்டுக்கொண்டு நடந்தார். அவர் பஸ் வந்து நிற்கும் நேரத்துக்கு நாய் எழுந்து நின்று, மூக்கைத் தூக்கிக் காற்றை இழுக்கும். "என் தலையவே தேடிக்கினு கீது அது" என்பார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு முறை ருசி பார்த்துவிட்டது, இன்னொரு முறைக்குக் காத்திருக்கிறது.

அந்தப் பெண்ணுக்குத் தினமும் போன் செய்தேன். ரோட்டில் கிடைத்தது என்பதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ரோட்டு நாய்க்கு நகம் வெட்டியது யார் என்று கேட்டேன்.

"ஒருத்தர் கொண்டாந்து குடுத்தார் ஆன்ட்டி. அவங்க நைனாவுக்குத் தெரிய வேணாம்னார்."

எதற்காக மறைக்க வேண்டும்? ஏற்கெனவே யாரையோ கடித்திருக்கிறது, வேறென்ன? அந்த ஆள் நேரில் வந்து சொல்லாவிட்டால் போலீசுக்குப் போவேன் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு பெரியவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். சலவை வேட்டி, கைத்தடி, ஒரு முழங்காலில் கட்டு. உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடி வீட்டை மேலும் கீழும் பார்த்தார். என் கையிலிருந்த மாப் கட்டையையும் பார்த்தார்.

"நாய் இங்கதான் கீதாமா?"

நான் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. யாரைக் கடித்தது என்று கேட்டேன்.

"யாரையும் கடிக்கல. வருசா வருசம் ஊசி போட்டுக்கினுதான் இருந்தேன். இந்த சங்கராந்திக்கும் போட்டாச்சி."

அவர் நாராயணவனத்துக்காரர். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு சித்தூரில் மகன் வீட்டு மாடியில் இருக்கிறார். நாய் ஓடிப்போய்விட்டது என்று மகன் சொல்லியிருக்கிறான். நாயைக் கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். நான் மிரட்டியதற்குப் பிறகு அந்தப் பெண் அவனுக்குப் போன் செய்தபோது, எடுத்தவர் இவர். நடந்ததையெல்லாம் இவரிடமே சொல்லிவிட்டாள்.

சத்தம் கேட்டுக் கணவர் வெளியே வந்தார். பெரியவர் அவர் தொப்பியைப் பார்த்தார்.

"மொட்டை போட்டுக்கினு வந்த அன்னிக்கா சார் மேல ஏறினான்?"

அன்றைக்குத்தான் என்றார் கணவர். பெரியவர் முகம் கொஞ்சம் இளகியது.

"நான் மலையில மொட்டை போடற வேலதான் சார் செஞ்சேன். முப்பது வருசத்துக்கு மேல. சாயங்காலம் பஸ்ல எறங்கி வந்தா மேலெல்லாம் ஈர முடி, சந்தனம், அந்த வாசன. அவனுக்குக் கண்ணு போயிடுச்சி, மூக்குதான். நீங்க வந்ததும் நான் வந்துட்டேன்னு நெனச்சிக்கினான்."

கணவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் அப்போதும் நம்பவில்லை. யார் வேண்டுமானாலும் வந்து கதை சொல்லலாம். நாயிடம் அழைத்துப் போனேன். அது எழுந்திருக்கவில்லை. பார்த்தீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் தடியைச் சுவரில் சாய்த்து, துவைக்கிற கல்லில் மெதுவாக உட்கார்ந்து, கையை நீட்டினார். நாய் விரல்களை மோந்தது, முழங்கால் கட்டை வெகுநேரம் மோந்தது. பிறகு அவர் பாதத்தின் மேல் மோவாயை வைத்து ஒரு பெருமூச்சு விட்டது. எச்சில் அவர் விரல்களுக்கிடையே வழிந்தது.

எச்சில் இப்படி வடிகிறதே என்று கேட்டேன்.

"பல்லு போனதுல இருந்து இப்டித்தான்மா."

மகள் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"பாப்பா, ரெண்டு வேளைக்கு மேல கேப்பான், குடுக்காத. துன்னவே இல்லன்ற மாதிரி மூஞ்சி காட்டுவான், கெழவன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "கூட்டிக்கினு போக வரலமா. அது மாடி வூடு. அவனாலயும் ஏற முடியாது, என்னாலயே முடியல. யார் கையில கீறான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பத்து நாள் தாண்டியதும், அந்தப் பெண் வந்து நாயை எங்களுக்கே கொடுத்துவிட்டுப் போனதும் பிறகு நடந்தவை. மகளின் விரல் முட்டியை நான் இன்னமும் அவ்வப்போது திருப்பிப் பார்க்கிறேன். ஆனால் நாய் எங்களோடு இருப்பது என்று முடிவானது அந்தத் துவைக்கிற இடத்தில்தான். அவர் சங்கிலியைப் பார்த்தார், மறுபடி என் கையிலிருந்த கட்டையைப் பார்த்தார். எங்களை அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. பிறகு கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்து உள்ளே பார்த்தார்.

"இது இன்னாமா, கோடு கோடா?"

எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று பார்ப்பதற்கு என்றேன்.

"தெனம் பாக்கறீங்களா?"

"தினமும்."

அவர் கிண்ணத்தை நாயின் மூக்கருகே வைத்தார்.

"அப்ப இங்கயே இருக்கட்டும்" என்றார்.